கொல்லப்பூடி மாருதி ராவ்: நாடகமும் திரையும் பேச்சுமொழியும் – சித்தூர்க் காலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தெலுங்கு நாடக ஆசிரியரும் திரைக்கதை ஆசிரியருமான கொல்லப்பூடி மாருதி ராவ் (1939–2019) செய்தித்தாள், மேடை, வானொலி, திரைப்படம் ஆகிய நான்கு துறைகளிலும் எழுதி வெற்றி கண்டவர். தமிழ்நாட்டில் அவரை அறிந்தோர் பலரும் திரைப்பட நடிகராகவே அறிந்துள்ளனர். நடிப்பு அவருக்கு நாற்பது வயதைக் கடந்த பின்னரே வாய்த்தது. அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எழுத்தாளராகவே வாழ்ந்தார்.

அவ்வெழுத்து வாழ்வின் தொடக்கப் பகுதி சித்தூரில் கழிந்தது. அப்பகுதியை முன்வைத்து ஒரு மொழியியல் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. நான்கு துறைகளிலும் தெலுங்கு எழுத்தாளர் ஒருவர் ஏறத்தாழ ஒரே மொழிநடையைக் கொண்டு இயங்க முடிந்தது எவ்வாறு? அதே எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர் இரண்டு தமிழ்களுக்கு இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்வது ஏன்? இவ்விரு வினாக்களும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. சித்தூர்: நிலமும் மேடையும்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் முதல் நாளில் உருவாக்கப்பட்டது. வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகள் அதில் இணைக்கப்பட்டன. ஊர்ப்பெயரைச் ‘சிற்றூர்’ என்னும் தமிழ்ச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது மாவட்டம் அதனுள் சென்றது. எல்லை பற்றிய வழக்கு பின்னரும் நீடித்தது. படாஸ்கரின் பரிந்துரையை அடியொற்றிய எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நிருவாக எல்லை இவ்வாறு வரையப்பட்டபோதும் எல்லையின் இருபுறத்திலும் இரு மொழி பேசுவோர் தொடர்ந்து வாழ்ந்தனர்.

இந்நிலத்தின் நாடக மரபும் இருமொழித் தொடர்பு உடையதே. பெல்லாரியில் தர்மவரம் இராமகிருஷ்ணமாச்சாரியார் நடத்திய சரச வினோதினி சபை 1891இல் சென்னைக்கு வந்து நாடகங்கள் நிகழ்த்தியது. அவற்றைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார் அதே ஆண்டில் சுகுண விலாச சபையை நிறுவினார். தற்காலத் தமிழ் நாடக வரலாற்றின் முதன்மையான நிகழ்ச்சி ஒன்று தெலுங்கு மேடையின் தூண்டுதலால் விளைந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சித்தூரில் இராம விலாச சபை இயங்கி வந்தது. அச்சபையின் மேடையில் வளர்ந்த நாகையாவுக்குச் ‘சித்தூர்’ என்பது பெயரின் முன்னொட்டாகவே நிலைத்தது. பின்னர் அவர் தெலுங்கிலும் தமிழிலும் புகழ்பெற்ற திரைக் கலைஞரானார்.

இச்சபைகளின் காலத்தில் தெலுங்கு மேடையில் செல்வாக்குப் பெற்றிருந்தது பத்திய நாடகம், அதாவது செய்யுளை இசையோடு பாடி நடிக்கும் நாடகம். திருப்பதி வேங்கட கவிகள் எனப்படும் இரட்டையர் இயற்றிய பாரத நாடகங்கள் அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவை. அப்பெயர் திருப்பதி நகரைக் குறிப்பதன்று. திவாகர்ல திருப்பதி சாஸ்திரி, செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி என்னும் இருவர் பெயரின் சேர்க்கையே அது. மேடையில் இவ்வாறு செய்யுள் ஓங்கியிருந்த சூழலில்தான் உரைநடை நாடகம், அதிலும் பேச்சுமொழி நாடகம், தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

3. பேச்சுமொழி இயக்கமும் செய்தித்தாளும்

மாருதி ராவ் 1939 ஏப்ரல் 14ஆம் நாள் விஜயநகரம் பகுதியில் பிறந்தார். இவ்வட்டாரத்துக்குத் தெலுங்கு மொழி வரலாற்றில் தனியிடம் உண்டு. விஜயநகரத்தில் வாழ்ந்த குருஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ நாடகம் 1892இல் மேடையேறி 1897இல் அச்சேறியது. 1909இல் ஆசிரியர் அதைப் பெரிதும் விரித்துத் திருத்தி வெளியிட்டார். பாத்திரங்கள் தத்தம் குலம், தொழில், கல்வி ஆகியவற்றுக்கேற்பப் பேசும் தெலுங்கே அந்நாடகத்தின் மொழி. குருஜாடவின் தோழரான கிடுகு வேங்கட ராமமூர்த்தி (1863–1940), கற்றோர் பேசும் மொழியே எழுத்துக்கும் கல்விக்கும் உரிய மொழியாதல் வேண்டும் என்று வாதிட்டார். சவர மொழிக்கு இலக்கணமும் அகராதியும் ஆக்கிய களப்பணியாளர் அவர். எழுத்துவடிவமற்ற மொழி ஒன்றை ஆராய்ந்த அனுபவம், பேச்சின் ஒழுங்கை மதிக்கும் பார்வையை அவருக்குத் தந்தது எனலாம்.

இவ்வியக்கம் வெற்றி பெற்றமைக்குச் செய்தித்தாள்கள் முதன்மையான காரணமாயின. 1938இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘ஆந்திர பிரபா’ நாளிதழின் ஆசிரியராக 1940களிலும் 1950களிலும் விளங்கிய நார்ல வேங்கடேசுவர ராவ் பேச்சுவழக்கை ஒட்டிய எளிய நடையில் தலையங்கம் எழுதினார். பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தயங்கி நின்ற காலத்திலேயே வாசகர் நாள்தோறும் காலையில் அம்மொழியைப் படித்தனர்.

மாருதி ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே நாடகம் எழுதுவதிலும் இயக்குவதிலும் நடிப்பதிலும் ஈடுபட்டிருந்தார். 1959இல் ‘ஆந்திர பிரபா’வில் துணையாசிரியராகச் சேர்ந்தார். அவ்விதழ் சித்தூர்ப் பதிப்பைத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் குழுவில் இடம்பெற்று அவ்வூருக்கு வந்தார்.

துணையாசிரியர் பணி என்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் பணியே. செய்தி முகமைகளிலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்தியைக் குறித்த நேரத்துக்குள், எல்லோருக்கும் விளங்கும் தெலுங்கில் ஆக்க வேண்டும். நீண்ட வாக்கியத்தைப் பிரிப்பது, செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்குவது, வடசொல் தொகையை விட்டு வழக்குச் சொல்லைக் கொள்வது ஆகியவை அப்பணியின் அன்றாடத் தேவைகள். நடிகரின் வாயில் இயல்பாக அமையும் வாக்கியத்தை எழுத முனையும் நாடக ஆசிரியருக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு வட்டார வழக்குகளை வடக்கு, தெற்கு, கிழக்கு, நடு என நான்காகப் பகுத்தார். மாருதி ராவ் பிறந்த பகுதி கிழக்கு வழக்கைச் சார்ந்தது. சித்தூர் தெற்கு வழக்கைச் சார்ந்தது. செய்தித்தாளின் மொழியோ நடுப்பகுதியான கடற்கரை மாவட்டங்களின் கற்றோர் வழக்கை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே சித்தூரில் அவர் நாள்தோறும் எழுதியது தாம் பிறந்த ஊரின் மொழியுமன்று, தாம் வாழ்ந்த ஊரின் மொழியுமன்று. எனினும் இரண்டிடத்தாரும் தம்முடையதென ஏற்றுக்கொண்ட பொதுப் பேச்சுமொழி அது.

4. ‘வந்தேமாதரம்’ நாடகம்

1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. அதனைப் பொருளாகக் கொண்டு மாருதி ராவ் ‘வந்தேமாதரம்’ என்னும் நாடகத்தை எழுதினார். அப்பொருள் பற்றித் தெலுங்கில் எழுந்த முதல் நாடகமாக அது குறிக்கப்படுகிறது. சித்தூர், மதனப்பள்ளி, நகரி முதலிய ஊர்களில் அது மேடையேறியது. அதன்வழித் திரண்ட ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் பிரதமரின் பாதுகாப்பு நிதிக்கு அளிக்கப்பட்டது. மாநில அரசின் செய்தித் துறை அந்நாடகத்தை நூலாக வெளியிட்டது.

நாடகம் நடைபெற்ற மூன்று ஊர்களையும் மொழிநோக்கில் காண்பது பயனுடையது. சித்தூர் முன்னர் வட ஆர்க்காட்டுக்கு உரியதாயிருந்த ஊர். நகரி தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. தமிழ் நன்கு வழங்குவது. மதனப்பள்ளி 1911க்கு முன் கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மேட்டுநில ஊர். கன்னட நாட்டுக்கு அணித்தானது. 1919 பிப்ரவரியில் இரவீந்திரநாத் தாகூர் தம் ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலத்தில் ஆக்கியதும் மதனப்பள்ளியில்தான். 2022ஆம் ஆண்டு மாவட்டச் சீரமைப்பில் அவ்வூர் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதே சீரமைப்பில் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

இவ்வாறு வேறுபட்ட மொழிச்சூழல் கொண்ட ஊர்களில் ஒரே நாடகம் மக்களிடம் சென்று சேர்ந்தது என்பது பொதுப் பேச்சுமொழி எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பதற்குச் சான்றாகும். பத்திய நாடகத்தில் சொல் விளங்காதவர்க்கும் இசை துணை நின்றது. உரைநடை நாடகத்துக்கு அத்துணை இல்லை. சொல் உடனே விளங்க வேண்டும். நாட்டு நெருக்கடியை முன்னிட்டு நிதி திரட்டும் நாடகத்தில் அத்தேவை இன்னும் மிகுதி.

5. வானொலியும் திரையும்

1963இல் மாருதி ராவ் அனைத்திந்திய வானொலியில் சேர்ந்தார். ஐதராபாத், விஜயவாடா முதலிய நிலையங்களில் பணியாற்றிக் கடப்பையில் உதவி நிலைய இயக்குநராக உயர்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். வானொலி நாடகத்தில் காட்சி இல்லை. இடம், நேரம், பாத்திரத்தின் நிலை ஆகிய அனைத்தையும் உரையாடலே உணர்த்துதல் வேண்டும். செய்தித்தாளில் தெளிவையும் மேடையில் வேகத்தையும் பயின்ற எழுத்து, வானொலியில் குரலின் நுட்பத்தையும் பயின்றது எனலாம்.

1964இல் வெளிவந்த ‘டாக்டர் சக்கரவர்த்தி’ திரைப்படத்தின் திரைக்கதைப் பணி அவரைத் திரையுலகுக்கு அறிமுகப்படுத்தியது. கோடூரி கௌசல்யா தேவியின் ‘சக்ரபிரமணம்’ என்னும் நாவலைத் தழுவிய அப்படத்தை ஆதுர்த்தி சுப்பாராவ் இயக்கினார். ஆந்திர அரசின் நந்தி விருதுகள் தொடங்கிய அவ்வாண்டில் சிறந்த படத்துக்கான தங்க நந்தியை அது பெற்றது. அதனையடுத்து, கே. விசுவநாத் முதன்முதலாக இயக்கிய ‘ஆத்ம கௌரவம்’ படத்தின் கதையில் எத்தனபூடி சுலோசனா ராணியோடு மாருதி ராவ் பங்கேற்றார். விசுவநாத் இயக்கிய ‘செல்லெலி காபுரம்’ (1971) படத்துக்கு உரையாடல் எழுதினார்.

இதே ஆண்டுகளில் தமிழில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுக் காணலாம். சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டு நாடகம் எழுதி வந்த கே. பாலச்சந்தர், 1964இல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு உரையாடல் எழுதினார். அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ நாடகம் அதே ஆண்டில் படமாயிற்று. 1965இல் தம் ‘நீர்க்குமிழி’ நாடகத்தைத் தாமே படமாக இயக்கினார். அலுவலக வேலை, மாலை நேர நாடகம், பின்னர்த் திரை என்னும் வழி இருவருக்கும் பொது. ஆயின் மொழிநிலை வேறு. தமிழ்த் திரையில் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ‘பராசக்தி’ (1952) எழுத்துத் தமிழின் ஓசையை உரையாடலுக்கு உரியதாக்கியிருந்தது. பேச்சுத்தமிழை நோக்கி நகர்ந்த 1960களின் உரையாடல் ஆசிரியர்கள் அந்த ஓசையிலிருந்து விலகிவர வேண்டியிருந்தது. உரையாடலில் பேச்சுத்தமிழைக் கொண்ட அதே எழுத்தாளர், செய்தித்தாளுக்கு ஒரு கட்டுரை எழுத நேர்ந்தால் எழுத்துத் தமிழுக்கே திரும்பினார். மாருதி ராவுக்கு அவ்வாறு திரும்ப வேண்டிய தேவை இருக்கவில்லை.

1982இல் கோடி ராமகிருஷ்ணாவின் முதற்படமான ‘இண்ட்லோ ராமய்ய வீதிலோ கிருஷ்ணய்ய’ வாயிலாக அவர் நடிகரானார். பின்னர் இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) தெலுங்கில் ‘சம்சாரம் ஒக சதரங்கம்’ (1987) என வந்தபோது, தமிழில் விசு ஏற்ற தந்தை வேடத்தை மாருதி ராவ் ஏற்றார். தமிழ் நாடக ஆசிரியர் ஒருவரின் இடத்தில் தெலுங்கு நாடக ஆசிரியர் ஒருவர் நின்றார். தலைப்பின் மொழிபெயர்ப்பும் கவனத்துக்குரியது. ‘மின்சாரம்’ என்னும் சொல்லின் பொருளைக் கைவிட்டு, ஈற்றோசையைக் காத்து, சதுரங்கம் என்னும் வேறோர் உவமையைக் கொண்டனர். குடும்பம் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது என்ற கருத்து இரண்டிலும் நிற்கிறது. ஓசையும் கருத்தும் காக்கப்பட உவமை மட்டும் மாறியது.

6. நாடகப் பிரதியும் திரைக்கதையும்

மாருதி ராவின் நாடகங்களுள் மிகுதியாகப் பேசப்படுவது ‘கள்ளு’ (கண்கள்). பார்வையற்ற இரவலர் சிலர் கூடி வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவனுக்குப் பார்வை கிடைக்கிறது. பார்வை பெற்றவன் தன் தோழர்களிடமிருந்து அந்நியனாகிறான். எம். வி. ரகு இயக்கத்தில் 1988இல் அது படமாயிற்று.

இங்கு ஆய்வாளர் எதிர்கொள்ளும் ஒரு வரலாற்றுச் சிக்கலைச் சுட்டுதல் வேண்டும். நாடகம் அச்சில் வந்தால் அது நூலாகிறது. நூலகத்தில் இடம்பெறுகிறது, பாடமாகிறது, மொழிபெயர்க்கப்படுகிறது. திரைக்கதை பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்ததும் பயனற்ற தாளாகக் கருதப்படுகிறது. எஞ்சுவது படத்தின் ஒலித்தடம் மட்டுமே. அதிலும் எழுதியது எது, இயக்குநர் மாற்றியது எது, நடிகர் சேர்த்தது எது என்று பிரித்தறிதல் அரிது. ஆகவே ஒரே எழுத்தாளரின் உழைப்பில் ஒரு பாதி இலக்கிய வரலாற்றுக்குள் வருகிறது. மறுபாதி வெளியே நிற்கிறது. நாடகமாகவும் படமாகவும் கிடைக்கும் ‘கள்ளு’ போன்ற படைப்புகள், மேடைமொழி திரைமொழியாக மாறும் முறையை ஒப்பிட்டு அறிய வாய்ப்பளிக்கின்றன. அதனாலேயே அவை மொழியியலாளர்க்கு மதிப்புடையவை.

7. தமிழாக்கச் சிக்கல்கள்

மாருதி ராவின் நூல்தலைப்புகள் சிலவற்றைக் கொண்டே தமிழாக்கத்தின் சிக்கல்களை விளக்கலாம்.

(அ) ஒலியொப்புமை: ‘கள்ளு’ என்னும் தலைப்பை ஒலிபெயர்த்தால் தமிழ் வாசகர் பனங்கள்ளையே எண்ணுவர். தெலுங்கில் ‘கன்னு’ என்பதன் பன்மை, மெய்ம்மயக்கத்தால் ளகர இரட்டிப்புப் பெற்றுக் ‘கள்ளு’ என்றாகும். பானத்தைக் குறிக்கும் தெலுங்குச் சொல் லகர இரட்டிப்பு உடையது. தமிழில் பானத்துக்கு உரிய ளகரம் தெலுங்கில் கண்ணுக்கு உரியதாக நிற்கிறது. இன மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பது எளிது என்னும் பொதுக்கருத்துக்கு இது நல்ல மறுப்பு.

(ஆ) இரட்டுறல்: அவர் பல்லாண்டு எழுதிய பத்தித் தொடரின் பெயர் ‘ஜீவன காலம்’. ‘காலம்’ என்பது பொழுதையும், ஆங்கிலவழி வந்த செய்தித்தாள் பத்தியையும் ஒருங்கே சுட்டுகிறது. தமிழில் முதற்பொருள் மட்டுமே நிற்கும். ‘பத்தி’ என்றாலோ இரண்டாம் பொருள் மட்டுமே நிற்கும். பக்தி என்னும் மயக்கமும் உடன் வரும்.

(இ) மரபுத்தொடர்: தன்வரலாற்று நூலின் பெயர் ‘அம்ம கடுபு சல்லக’. ‘கடுபு’ என்பது வயிறு. தமிழில் ‘கடுப்பு’ என்னும் சொல்லோடு இதற்குப் பொருளுறவு இல்லை. பெற்ற வயிறு குளிர்தல் என்னும் வழக்கு தமிழிலும் உயிரோடு உள்ளமையால் இங்குத் தமிழ் தடையின்றி ஈடு தருகிறது.

(ஈ) இரட்டை வழக்கு: ‘சாயங்காலமயிந்தி’ என்பது அவருடைய நாவல். ‘அயிந்தி’ என்னும் வினைமுற்று தெலுங்கில் பேச்சுக்கும் உரியது, அச்சுக்கும் உரியது. தமிழில் ‘ஆயிற்று’ என்றால் எழுத்து. ‘ஆச்சு’ என்றால் பேச்சு. இடைப்பட்ட வடிவம் இல்லை. 1959இல் பெர்குசன் வகுத்துரைத்த இரட்டை வழக்குக் கொள்கையைப் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தமிழுக்குப் பொருத்தி விரிவாக ஆராய்ந்தார். அக்கொள்கையின் நடைமுறை விளைவை மொழிபெயர்ப்பாளர் இந்த ஒரு சொல்லிலேயே காணலாம்.

(உ) மதிப்புநிலைப் பெயர்கள்: தெலுங்கில் ஆண்பாற் படர்க்கைக்கு ‘வாடு’, ‘அதனு’, ‘ஆயன’, ‘வாரு’ எனப் பல படிகள் உள்ளன. தமிழில் ‘அவன்’, ‘அவர்’ என்னும் இரண்டே பெருவழக்கு. ‘அதனு’ குறிக்கும் நடுநிலைக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. பெண்ணைக் குறிக்கும் ‘அதி’ என்னும் மதிப்பற்ற வடிவம் அஃறிணைப் பொருளையும் குறிக்கும், வினைமுற்றும் ஒன்றே. ‘அவள் வந்தாள்’, ‘அது வந்தது’ என்னும் இரண்டும் தெலுங்கில் ஒரே வடிவம் பெறலாம். சிறுமியரை அன்பால் ‘அது’ எனச் சுட்டும் பேச்சுத்தமிழ் வழக்கு ஓரளவு கைகொடுக்கும். எழுத்துத் தமிழ் கைகொடாது. மாறாக, கேட்போரை உளப்படுத்தும் ‘மனம்’, உளப்படுத்தாத ‘மேமு’ என்னும் வேறுபாடு நாம், நாங்கள் எனத் தமிழில் அப்படியே அமைகிறது.

இவற்றுள் (ஈ) என்பதே அடிப்படையானது. ஏனைய சிக்கல்கள் சொல்லளவில் நிற்பவை. இதுவோ பிரதி முழுவதையும் பாதிப்பது. தெலுங்கு நாடகத்தை எழுத்துத் தமிழில் பெயர்த்தால் வாசகருக்குப் படிக்க எளிதாகும். ஆயின் கிடுகு ராமமூர்த்தி தொடங்கிய போராட்டத்தின் பயனாக அந்த ஆசிரியருக்குக் கிட்டிய மொழி மறைந்துவிடும். முற்றிலும் பேச்சுத்தமிழில் பெயர்த்தால் எந்த வட்டாரத் தமிழ் என்னும் வினா எழும். ஏனெனில் தெலுங்குச் செய்தித்தாள் உருவாக்கிய பொதுப் பேச்சுமொழிக்கு இணையாகத் தமிழில் அச்சேறி நிலைபெற்ற பொதுப் பேச்சுவடிவம் இல்லை. உரையாடலைத் திரையும் வானொலியும் பரப்பிய பொதுப் பேச்சுத்தமிழிலும், மேடைக் குறிப்புகளையும் முன்னுரையையும் எழுத்துத் தமிழிலும் அமைப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மூலத்தில் இல்லாத பிளவு ஒன்று இதனால் பெயர்ப்பில் தோன்றும். மொழிபெயர்ப்பாளர் அதை முன்னுரையில் சுட்டிவிடுதல் நேர்மையாகும்.

8. முடிவுரை

1992 ஆகஸ்டு 12ஆம் நாள், தம் முதற்படமான ‘பிரேம புஸ்தகம்’ படத்தின் படப்பிடிப்பின்போது விசாகப்பட்டினத்தில் மாருதி ராவின் மகன் சீனிவாஸ் உயிரிழந்தார். எஞ்சிய பகுதியைத் தந்தையே இயக்கி முடிக்க, 1993இல் படம் வெளிவந்தது. மகன் நினைவாக 1997இல் நிறுவப்பட்ட விருது, எந்த இந்திய மொழியிலும் முதற்படம் இயக்கும் ஒருவருக்கு எனச் சென்னையில் வழங்கப்பட்டது. ஒரு மொழியில் எழுதியவர் பல மொழியினரையும் நோக்கி வைத்த அறம் அது. 2019 டிசம்பர் 12ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார்.

இவ்வாய்வால் பெறப்படுவன: மாருதி ராவின் வெற்றிக்குத் தனித்திறனோடு, அவருக்கு முன் இரு தலைமுறையினர் எழுத்துலகில் வென்று தந்த பேச்சுமொழியும் அடித்தளமாயிற்று. சித்தூர்க் காலத்தில் செய்தித்தாளும் மேடையும் ஒரே மொழியில் இணைந்து இயங்கியமை, பின்னர் வானொலிக்கும் திரைக்கும் அவர் இயல்பாகச் செல்ல வழி வகுத்தது. தமிழாக்கத்தில் முதலில் இழக்கப்படக்கூடியதும் அம்மொழியே.

1954இல் திருப்பதியில் நிறுவப்பட்ட திருவேங்கடவன் பல்கலைக்கழகம், தெலுங்கும் தமிழும் அருகருகே கற்கத்தக்க நிலத்தில் அமைந்தது. எல்லை மாவட்ட நாடக சபைகளின் கையெழுத்துப் படிகள், வானொலி நாடகப் பிரதிகள், திரை உரையாடல் ஏடுகள் ஆகியவற்றைத் தொகுத்து இருமொழி ஒப்பீட்டுக்கு உட்படுத்தும் பணிக்கு அதனினும் ஏற்ற இடம் அரிது. தாள்கள் அழியுமுன் அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும். அவ்வாறு தொடங்கினால், எல்லை வரைந்து பிரித்த நிலத்தில் மேடை இணைத்து வைத்திருந்த இரு மொழிகளின் வரலாறு முழுமை பெறும்.